மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து, அறுபதைக் கடந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் புலால் கிடையாது, சோயா மின்ஸ்தான் சமைக்கிறேன். சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, மார்பகப் புற்றுநோய் வரும் என்று மகள் பயமுறுத்துகிறாள். விரதம் இருந்தால் அந்த நோயே அண்டாது என்கிறார்கள் கோயிலில். எதை நம்புவது?” இரண்டையும் நம்ப வேண்டியதில்லை. காரணத்தை அறிய, அவர் வயதுப் பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வளர்பவை. மாதவிடாய் நின்றபின் சூலகம் அதைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆயினும் உடலில் ஈஸ்ட்ரோஜன் அற்றுப்போவதில்லை. அதை உண்டாக்கும் வேலையைக் கொழுப்புத் திசு ஏற்றுக்கொள்கிறது.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள், முதுமையிலும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் ஆண்மை ஹார்மோனைச் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கின்றன. அதில் 19 கார்பன் அணுக்கள் உண்டு. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்னும் நொதி அதைப் பிடித்து, தன் நடுவிலுள்ள இரும்பு அணுவின் அருகே நிறுத்தி, மூன்று முறை ஆக்சிஜனைச் செலுத்துகிறது. முதல் இரண்டு முறையும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கார்பன்மீது ஆக்சிஜன் ஏறுகிறது. மூன்றாம் முறை அந்தக் கார்பன் அறுபட்டு, எறும்பின் கடியில் நாம் உணரும் அதே பார்மிக் அமிலமாக வெளியேறுகிறது. அது போன கணத்திலேயே மூலக்கூறின் முதல் வளையம் பென்சீன் வளையமாகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எஞ்சுவது 18 கார்பன்கள் கொண்ட ஈஸ்ட்ரோன். இன்னொரு நொதி அதை வீரியமிக்க ஈஸ்ட்ரடையோலாக மாற்றிவிடும். ஒரு கார்பனை நீக்கியதும் ஆண்மை ஹார்மோன் பெண்மை ஹார்மோனாகிவிடும் இந்த வேலை, உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மனித நஞ்சுக்கொடியிலிருந்து இந்நொதியைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கி, அதன் வடிவத்தை 2009இல் தேபாசிஷ் கோஷ் குழுவினர் வெளியிட்டார்கள். ஆண்மை ஹார்மோன் இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்தும் குழி ஒன்று அதில் தெரிந்தது. புற்றுநோய்க்குத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் அந்தக் குழிக்குள் நுழைந்து, தங்கள் நைட்ரஜன் அணுவால் இரும்பைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகின்றன.

கொழுப்பு கூடினால் இந்நொதியும் கூடும். அத்துடன், அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்புச் செல்கள் மடியும்போது நோயெதிர்ப்பு செல்கள் அவற்றை வளையமாகச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் அந்த வளையத்தைத் தெளிவாகக் காணலாம். அவை கிளப்பும் அழற்சியில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள், அரோமட்டேஸ் மரபணுவை மேலும் முடுக்கிவிடுகிறது. இவையெல்லாம் மார்பகத்துக்குள்ளேயே, பால் சுரப்பிகளின் பக்கத்திலேயே நடக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) 5 அலகு கூடும்போது இந்நோயின் அபாயம் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுவது இதனால்தான். இளவயதில் இந்தத் தொடர்பு தலைகீழாக இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆகவே தட்டில் புலால் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்கிறது என்பதே முக்கியம். புலாலை விலக்கிவிட்டுப் பூரியும் வடையும் உருளைக்கிழங்குக் கறியும் பாயசமுமாக மாதத்தைக் கழித்தால் அரோமட்டேஸுக்கு ஒரு குறையும் வராது. பீன்ஸ் கறி, பருப்பு, கீரை ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. ஈரல் கட்டிப்போட்டுப் பித்தநீர் வழியே வெளியேற்றும் ஈஸ்ட்ரோஜனைக் குடல் பாக்டீரியாக்கள் அவிழ்த்துவிட, அதில் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. நார்ச்சத்து மிகுந்த உணவு அந்த வரவைச் சற்றுக் குறைக்கிறது. மதுவின் பங்கு இவற்றைவிடத் தெளிவானது: நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்கூட அபாயத்தை உயர்த்துகிறது.

உணவை மாற்றினால் பலன் உண்டா என்பதை அமெரிக்க அரசின் செலவில் 1993இல் தொடங்கிய ஆய்வு ஒன்று 48,835 பெண்களிடம் சோதித்தது. அனைவரும் 50 முதல் 79 வயதுக்குள் இருந்த, மாதவிடாய் நின்றவர்கள். கொழுப்பைக் குறைத்துக் காய்கனி, தானியங்களைக் கூட்டியவர்களிடம் நோய் 9 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2006இல் தெரிந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்கே. ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அவர்களிடையே 21 விழுக்காடு குறைவு.

சோயாவுக்கு வருவோம். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனை ஒத்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் வீரியம் மிகக் குறைவு, செல்களில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்னும் புரதங்களில், அவை அதிகம் பற்றுவதும் மார்பகச் செல்களைப் பெருக்கும் ஆல்பா ஏற்பியை அன்று, பீட்டா ஏற்பியை. ஷாங்காய் நகரில், இந்நோய் வந்து சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா அதிகம் உண்டவர்களே அதில் குறைவாக இறந்திருந்தார்கள். அம்மா தாராளமாகச் சோயா மின்ஸ் சமைக்கலாம், எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றினால் போதும். விரதம் இருக்கிறோமே என்று மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. விரதம் தவறாத, மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது, அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஒரு சமூகமே ஒரே நாளில் உணவை மாற்றி, ஒரு மாதம் அதைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு எளிதில் கிட்டாது. விரதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் சில நூறு பெண்களிடம் இரத்தம் எடுத்து ஈஸ்ட்ரோனை அளந்தாலே, விரதம் அதைக் குறைக்கிறதா என்னும் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். பருப்பையும் கீரையையும் சோதிப்பதில் எந்த மருந்து நிறுவனத்துக்கும் இலாபமில்லை என்பதால், அந்தச் செலவை அரசும் பல்கலைக்கழகமும்தான் ஏற்க வேண்டும்.