பின்னால் வருவது ஏறினால், முன்னால் போவது ஏன் விழுகிறது?

உடுமலை வாசகர் ஒருவர், கிளைடர் விபத்துக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "தப்பாக மேலே ஏறியது கிளைடர். இழுத்துக்கொண்டு போன விமானம் ஏன் குப்புற விழுந்தது?"

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. சிறிய விமானம் ஒன்று, சுமார் 50, 60 மீட்டர் கயிற்றில் இழுத்துப்போய் மேலே விடும். எடை குறைவு, இறக்கை நீளம் என்பதால் கிளைடர்தான் முதலில் தரையை விட்டு எழும். விமானம் எழும் வரை அது இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலேயே தாழப் பறக்க வேண்டும்.

டிராக்டரில் வேலாமரத் தூர் பிடுங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் பதிலில் பாதி ஏற்கெனவே தெரியும். சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே மாட்டினால் தூர் வரும். மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கிவிடும். எங்கள் காட்டில் அப்படி ஒரு முழம் எழும்பிய சக்கரம், மாமா கிளட்சை மிதித்ததும் தொப்பென்று விழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதைவிட, எங்கே, எந்தப் பக்கமாக இழுக்கிறது என்பதே விஷயம்.

விமானத்தில் கயிறு மாட்டுவது வாலில். கிளைடர் மேலே போனால் கயிறு வாலை மேலே தூக்கும், மூக்கு தரையைப் பார்க்கும். மூக்கை நிமிர்த்த விமானி ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) முழுக்கப் பின்னால் இழுத்தாலும், எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையின்) பலம் அதற்கு ஈடாகாது. கிளைடரின் கொக்கி மூக்கில் இருந்தால், ஏற ஏறக் கயிறே அதன் மூக்கைக் கீழே இழுத்துத் திருத்தும். சக்கரத்துக்குப் பக்கத்தில், வயிற்றடியில் இருந்தால் அந்தத் திருத்தம் கிடைக்காது. கயிற்றில் கட்டிய கல் போலக் கிளைடர் மேல்நோக்கிச் சுழலும். வேகம் கூடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆடிக் காற்று மாதிரி திடீர் வீச்சு ஒன்று போதும், இதைத் தொடங்கி வைக்க.

இப்படி நடந்தால் "கண்டம்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்டம் என்று சொன்னதும், கொக்கி எங்கே இருந்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அளவு மீறினால் அறுந்துபோகும் பலவீன இணைப்பு ஒன்றைக் கயிற்றில் வைப்பார்கள். அமெரிக்க விதிப்படி அது கிளைடரின் அதிகபட்ச எடையில் 80 முதல் 200 சதவீதம் வரை தாங்கலாம். 500 கிலோ கிளைடர் என்றால் குறைந்தது 400 கிலோ. வால் தூக்க அதற்கும் குறைந்த இழுப்பே போதும், அதனால் இணைப்பை நம்பி இருக்க முடியாது. கிளைடர் ஓட்டியின் கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று இருக்கும். முன்னால் போகும் விமானம் கண்ணிலிருந்து மறைந்த கணமே அதை இழுத்துக் கயிற்றை விட வேண்டும். அப்போது வால் இறங்கும். ஆனால் மூக்கை நிமிர்த்த, தரைக்கு மேலே உயரம் மிச்சம் இருக்க வேண்டும்.