காய்ச்சினால் மருந்து போகாது: ஒட்டகப் பாலும் புருசெல்லா காய்ச்சலும்

மறுபடியும் ஒரு புருசெல்லா நோயாளி; நோயுற்ற கால்நடையின் காய்ச்சாத பால் வழியே மனிதருக்கு வரும் கிருமி அது. நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவர். மாலையானால் காய்ச்சல், இரவில் போர்வை நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பிலும் முழங்காலிலும் விடாத வலி. முதலில் மலேரியாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு டைபாய்டுக்கு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்த மருத்துவர்தான் பச்சைப் பால் குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். தினமும் ஒரு குவளை ஒட்டகப் பால், காய்ச்சாமல். வடகென்யாவில் ஒட்டகப் பால் சேகரிக்கும் பெண்கள் குழுக்களுக்குத் தரப் பரிசோதனையும் பயிற்சியும் கொடுப்பது என் தொழில் என்பதால், அந்தக் குடும்பத்தார் மிச்சமிருந்த பாலை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பாலில் கிருமி இருந்திருக்கும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சினால் ஒட்டகப் பாலின் மருத்துவக் குணமே போய்விடுமே, பிறகு அதைக் குடித்து என்ன பயன் என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் களைத்துப் போயிருக்கிறேன். அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சோமாலி வீடுகளில் காலையும் மாலையும் போடும் தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய், பட்டை, சர்க்கரையோடு ஒட்டகப் பாலும் சேர்ந்து பானையில் தளதளவென்று கொதிக்கிறது. அந்தத் தேநீரில் சத்து போய்விட்டது என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒட்டக இறைச்சியை வார் வாராக அறுத்து, வெயிலில் உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கி, நெய்யில் பொரித்து, அந்த நெய்யிலேயே மூழ்க வைத்து மாதக்கணக்கில் கெடாமல் காக்கும் முக்மத் என்ற உணவும் அதே வீடுகளில் உண்டு. நீரை வற்றச் செய்து, சூட்டால் கிருமியைக் கொன்று, கொழுப்பால் காற்றை அடைக்கும் முறை அது. உணவுப் பதப்படுத்தலில் பட்டம் பெற்றவர்கள் அதில் திருத்துவதற்கு அதிகம் இல்லை. நெருப்பு இந்த மக்களின் மரபுக்கு அந்நியமே இல்லை என்னும்போது, காய்ச்சாத பால்தான் மரபு என்று நகரத்து விற்பனையாளர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பாலிலேயே கிருமிக்கொல்லிகள் இருக்கின்றன என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. லாக்டோஃபெரின், லைசோசைம், லாக்டோபெராக்சிடேஸ் ஆகிய புரதங்கள் ஒட்டகப் பாலில் இருக்கின்றன. அவை சில கிருமிகளின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துவதால்தான் ஒட்டகப் பால் பசும்பாலைவிட மெதுவாகப் புளிக்கிறது. ஆனால் புருசெல்லா வெளியிலிருந்து வந்து விழும் தூசி அழுக்கு அல்ல. நோயுற்ற ஒட்டகத்தின் மடியிலேயே தங்கி, பாலோடு சேர்ந்து இறங்குவது அது. அந்தப் புரதங்கள் இருக்கும் பாலிலேயே அது உயிரோடு வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்த ஒட்டகம் பெரும்பாலும் நலமாகவே தெரியும். பாலின் நிறமோ மணமோ சுவையோ எதையும் காட்டிக்கொடுக்காது. காய்ச்சும்போது இந்தப் புரதங்களில் ஒரு பகுதி செயலிழக்கும், வைட்டமின் சியும் ஓரளவு குறையும். கால்சியமும் கொழுப்பும் அப்படியே இருக்கும்; புரதத்தின் ஊட்டமும் குறைந்துவிடாது. இந்தச் சிறு இழப்புக்கு அஞ்சி மாதக்கணக்கில் மூட்டு வலியோடு கிடப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்ததாகச் சொல்லப்படுவது, ஒட்டகப் பால் நெருப்பைத் தாங்காது, காய்ச்சினால் திரிந்துவிடும் என்பது. இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. பசும்பாலின் கேசீன் புரதத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு, சூட்டில் பால் திரியாமல் காக்க உதவும் கப்பா கேசீன். ஒட்டகப் பாலில் அது சுமார் 3.5 விழுக்காடுதான், அதற்குத் துணை நிற்கும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் அறவே இல்லை. ஆகவே 140 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகும் தொழிற்சாலை முறையில் ஒட்டகப் பால் நிலைகுலையும் என்பது உண்மை. வீட்டு அடுப்பில் 100 டிகிரியில் புதுப் பால் திரியாது. உங்கள் வீட்டில் திரிந்தால், அது உங்கள் கைக்கு வந்து சேரும் முன்பே புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பால் நிலையங்களில் கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் கொதிக்க வைத்துப் பார்ப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான். திரிந்ததற்காக அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். பால் எப்போது கறந்தது, எதில் வந்தது என்று கேளுங்கள்.

எதில் வந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்தும் விஷயம். போரானா, கப்ரா, ரெண்டிலே, சோமாலி மேய்ப்பர் குடும்பங்களில் பால் பாத்திரம் என்பது நாராலும் வேராலும் நெருக்கமாகப் பின்னியதாகவோ மரத்தைக் குடைந்ததாகவோ இருக்கும். கறப்பதற்கு முன் அந்த வீட்டுப் பெண், கனன்றுகொண்டிருக்கும் காட்டு ஒலிவம் அல்லது வேல மரக் குச்சியை உள்ளே விட்டு, மூடி, குலுக்கி, புகை உட்சுவர் முழுதும் படியச் செய்து, கரியையும் சாம்பலையும் தட்டிவிட்டு, துடைத்து எடுக்கிறார். தண்ணீர் கிடைக்காத நிலத்தில் தண்ணீரில்லாமல் பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் வழி இது. சூடும் புகையிலுள்ள பீனால்களும் சுவரில் ஒட்டிய கிருமிகளைக் குறைக்கின்றன, பாலுக்கும் ஒரு மணம் ஏறுகிறது. அந்தப் பால் அந்த வீட்டு ஒட்டகத்தின் பால். அந்த வீட்டாரே குடித்தார்கள்.

இன்று வடக்கே உள்ள இசியோலோ நகரிலிருந்து நைரோபிக்குப் பால் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் பேருந்தில் வருவது, ஒரு காலத்தில் சமையல் எண்ணெய் இருந்த மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஜெரிகேனில். அதன் கழுத்துக்குள் கை நுழையாது. பிடியின் உட்புறம் குழலாக இருப்பதால் பால் அதற்குள் போய்த் தேங்கும், தூரிகை எட்டாது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான மஞ்சள் படலம் விரலில் ஒட்டும். ஒவ்வொரு நாளும் புதுப் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அந்தப் படலம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக்கிலும் புகை பிடிக்கிறார்கள். உருகிவிடும் என்ற பயத்தில் அரைகுறையாக. போதாததற்கு, பல மந்தைகளின் பால் ஒரே ஜெரிகேனில் கலக்கிறது. ஒரே ஒரு நோயுற்ற ஒட்டகம் அந்த ஜெரிகேன் முழுவதையும் கெடுக்கப் போதும். அகலவாய் அலுமினிய கேன் விலை கூடுதல், எடையும் கூடுதல் என்று பெண்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது; மலிவான பாலைக் கேட்டு வாங்கும் நகரத்தார் அதற்குப் பங்களிக்க வேண்டும்.

புளித்த பாலில் கிருமி செத்துவிடும் என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். கென்யாவிலும் சோமாலியாவிலும் சூசாக், எத்தியோப்பியாவில் தனான், சூடானில் தோல் பையில் ஊற்றி ஒட்டகச் சேணத்தில் தொங்கவிட்டு நடையிலேயே குலுங்கிப் புளிக்கும் காரிஸ் எல்லாமே அருமையான உணவுகள். ஆனால் தானாகப் புளிக்கும் பாலில் அமிலம் எவ்வளவு ஏறும், எவ்வளவு விரைவில் ஏறும் என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். புருசெல்லா அதில் பல நாட்கள் தாக்குப்பிடிக்கக்கூடும். சூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சூசாக்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்ஃபான்டேரியஸ் என்ற கிருமியே ஓங்கியிருப்பதைக் காட்டியது. மனிதருக்கு நோய் தரும் உறவினங்கள் அதற்கு உண்டு என்பதால் துறையில் இருப்பவர்கள் அதைக் கவனமாகவே பார்க்கிறோம். அதே நிறுவனத்தின் ஸகரியா ஃபாரா குழுவினர் கென்யாவில் செய்து 1990-இல் வெளியிட்ட வேலை வழியைக் காட்டிவிட்டது: பாலை முதலில் சூடாக்கி, ஆறவைத்து, தெரிந்த உறையை ஊற்றுவது. வீட்டில் அப்படிச் செய்பவர்கள் முந்தைய நாளின் பச்சைச் சூசாக்கை உறையாக ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சி விரட்டியதைக் கரண்டியால் திரும்ப அழைத்ததாகிவிடும்.

சூடாக்கிய ஒட்டகப் பாலை யார் வாங்குவார் என்று கேட்பவர்களுக்கு மௌரித்தானியாவின் நுவாக்சோட் நகரத்தைச் சொல்வேன். 1989-இல் அங்கே தொடங்கிய திவிஸ்கி ஆலை, நாடோடி மேய்ப்பர்களிடம் வாங்கிய ஒட்டகப் பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்கி நகரத்தில் விற்றது, பாலாடைக்கட்டியும் செய்தது. தொழிலில் இருக்கும் தோழர்களுக்கு மட்டும் ஒன்று: பால் போதிய சூடு பெற்றதா என்று பார்க்கப் பசும்பாலுக்குச் செய்யும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதிச் சோதனையை ஒட்டகப் பாலுக்குச் செய்து முடிவு எழுதாதீர்கள். ஒட்டகப் பாலில் அந்த நொதி அதிகச் சூடு தாங்கும். ஒழுங்காகப் பதப்படுத்திய பாலையும் தேறாததாகக் காட்டும். வெப்பமானிப் பதிவேட்டைப் பாருங்கள்.

ஒட்டகப் பால் நீரிழிவைக் குணப்படுத்தும் என்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜஸ்தானின் பிகானேரில் ஒட்டகப் பால் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் நோயாளிகள் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேதான் பாலைக் குடித்தார்கள். பாலை நம்பி ஊசியை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

இனி செய்ய வேண்டியவை. பாலை வாங்கிய உடனே பொங்கக் காய்ச்சுங்கள். வெப்பமானி வைத்திருந்தால் 63 டிகிரியில் 30 நிமிடம், ஆலையில் என்றால் 72 டிகிரியில் 15 விநாடி. காய்ச்சிய பாலைப் பச்சைப் பால் இருந்த பாத்திரத்தில் திரும்ப ஊற்றாதீர்கள். புகை மணம் வேண்டுமென்றால், காய்ச்சிய பாலைப் புகையூட்டிய குடுவையில் ஊற்றி வையுங்கள்; மணம் அப்படியே ஏறும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சைப் பாலை ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டகங்களிடமிருந்து பரவி மூச்சு மண்டலத்தைத் தாக்கும் மெர்ஸ் வைரஸ் 2012-இல் கண்டறியப்பட்ட பிறகு, பச்சை ஒட்டகப் பாலைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம்மவர்கள், பண்ணைக்குப் போய்க் கறந்த சூட்டிலேயே குடிப்பதைப் படம் எடுத்து அனுப்புவதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு மூட்டு வலியும் இருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் பச்சைப் பால் குடித்ததை நீங்களே சொல்லுங்கள். புருசெல்லா என்று உறுதியானால் வழக்கமாக டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் கொடுப்பார்கள். சில நாளில் காய்ச்சல் விட்டுவிடும், உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அப்போது மாத்திரையை நிறுத்துபவர்களிடம் நோய் திரும்பி வருகிறது. ஆறு வாரத்தையும் முடியுங்கள். அதே பாலைக் குடித்த வீட்டார் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.