தரிப்பு மின்கலவடுக்கு: ஒரு பற்றறிக்குப் பெயர் தேடியபோது

இங்கிலாந்தில் குதிரை லாயம் ஒன்றில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி போன மாரியில் தொலைபேசி எடுத்தான். “அத்தான், இஞ்சை குதிரை லொறியிலை லெஷர் பற்றறி எண்டு ஒண்டு இருக்கு. வாங்கி ரெண்டு வருசமும் ஆகேல்லை, செத்துப்போச்சு. இதுக்குத் தமிழிலை என்ன பேர்?”

நான் கிளிநொச்சியில் சோலர் பற்றறி வேலை செய்கிறவன். ஏன் செத்தது என்றுதான் கேட்பான் என நினைத்தேன், அவன் பெயரைக் கேட்டான். யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. பெயர் சரியாக விளங்கியிருந்தால் அந்தப் பற்றறி செத்திருக்காது.

முதலில் பற்றறி. தமிழ்நாட்டில் பேட்டரி என்று எழுதுவதை நாங்கள் பற்றறி என்று எழுதுகிறோம். ‘ற்ற’ என்பதை நாங்கள் இன்னும் பல்லுக்குச் சற்று மேலே நாக்கு நுனி முட்டும்படிதான் ஒலிக்கிறோம், ஆங்கிலேயர் நாக்கு முட்டும் இடமும் அதுவே. பிடித்துக்கொள்ளும் ‘பற்று’க்கும் இதற்கும் உறவில்லை. மூலம் லத்தீனில் ‘அடித்தல்’ என்ற சொல். அது பிரெஞ்சு வழியாகப் பீரங்கி வரிசையைக் குறித்தது. 1749இல் பெஞ்சமின் பிராங்கிளின் பதினொரு கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று இணைத்து மின்னைத் தேக்கியபோது, பீரங்கி வரிசையின் பெயரை அதற்கு எடுத்துக்கொண்டார். போர்க்களத்துச் சொல் வீட்டுக்குள் வந்த கதை அது.

எங்கள் பாடப்புத்தகச் சொல்லான மின்கலவடுக்கு இதைவிட நேரானது. கலம் என்றால் பாத்திரம், கொள்கலன். ஈழத்துப் பாடநூல்களில் உடம்பின் நுண்ணறைக்கும் கலம் என்றே பெயர். 1800இல் வோல்டா செய்த முதல் மின்கலம் நாகத் தட்டு, வெள்ளித் தட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஆகவே ‘அடுக்கு’ என்ற எங்கள் சொல் வோல்டாவின் மேசையில் இருந்ததை அப்படியே சொல்கிறது. 12 வோல்ற் பற்றறிக்குள் 2 வோல்ற் கலங்கள் ஆறு இருப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

சிலர் சேமக்கலம் என்று எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். எங்கள் பக்கத்தில் சேமக்கலம் என்றால் சங்கோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு. செத்த வீட்டு ஓசையைப் பற்றறிக்கு வைக்க மனம் வரவில்லை. சேமிப்புக்கலம் என்றால் சரி.

இனி ‘லெஷர்’. அகராதியில் ஓய்வு நேரம் என்று இருக்கும். அதைப் பார்த்து ‘ஓய்வு மின்கலம்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும், ஏனென்றால் இந்தப் பற்றறிக்கு ஓய்வே இல்லை. விடுமுறைக்கு இழுத்துச் செல்லும் வண்டிகளிலும் படகுகளிலும் பூட்டியதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. குதிரைப் போட்டிக்குப் போகிறவர்கள் இரவில் லொறியிலேயே படுப்பார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது அவர்களுக்கு வெளிச்சமும் தண்ணீர்ப் பம்பும் குளிர்பெட்டியும் வேண்டும். அந்த வேலைதான் இதற்கு.

எஞ்சினைக் கிளப்பும் பற்றறியின் வேலை வேறு. அதற்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில செக்கன்களுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டிவிட்டு, ஓடும்போது உடனே திரும்ப ஏற்றிக்கொள்ளும். மற்றதில் தகடு தடிப்பம். அது கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் கொடுக்கும். எங்கள் வன்னிப் பகுதியில் இதற்கு நல்ல உதாரணம், யானையைத் தடுக்கும் மின்வேலியின் பற்றறி. பகல் முழுக்கச் சூரியத் தகட்டிலிருந்து ஏற்றி, இரவு முழுக்க வேலிக்குத் துடிப்புக் கொடுக்கும். காவல் கொட்டிலுக்கு உழவு இயந்திரப் பற்றறியைக் கழற்றிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு போகம் முடிவதற்குள் அது கையை விரித்துவிடும்.

போர்க்காலத்தில் இங்கே ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். லொறிப் பற்றறி ஒன்று கிடைத்தால் அது வீட்டுக்குள் கொலுவிருக்கும். ‘பற்றறி இறங்கிட்டுது, ஏத்த வேணும்’ என்ற பேச்சு அன்றைக்கே இருந்தது. பாடநூலில் உள்ள மின்னேற்றம், மின்னிறக்கம் இரண்டும் அதே வினைகள்தாம். மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்கும் விளங்குகிற கலைச்சொற்கள்! தமிழ்நாட்டின் மின்னூட்டம் அழகான சொல்தான், ஆனால் அதற்கு எதிர்ச்சொல் இவ்வளவு இலகுவாக வராது.

இறக்கத்தில்தான் மைத்துனனின் பற்றறி செத்தது. ஈய அமிலப் பற்றறி இறங்கும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேற்று படியும், அமிலம் தண்ணீர்ப் பக்கமாகப் போகும். உடனே ஏற்றினால் படிந்தது கரைந்துவிடும். இறங்கியபடியே கிழமைக்கணக்கில் கிடந்தால் அது கல்லாக இறுகும், பிறகு எந்த சார்ஜராலும் முழுதாக மீட்க முடியாது. அவர்கள் குளிர்காலம் முழுக்க லொறியை ஏற்றாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நன்றாக இறங்கிய பற்றறி கடும் பனியில் உறைந்து அதன் பெட்டி பிளக்கலாம், நிறைந்திருப்பது உறையாது.

அவனுக்குச் சொன்னது இதுதான். எதையும் ஓடவிடாமல் சில மணிநேரம் வைத்துவிட்டு அள. 12.7 வோல்ற் என்றால் நிறைவு, 12.2 அளவில் பாதி, அதற்குக் கீழே விடாதே. 100 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் உனக்குரியது 50தான் என்று எண்ணிக்கொள். சார்ஜருக்கு 10 அம்பியர் போதும். ஏற்றும் மின்னழுத்தம் 14.4 வோல்ற் அளவுக்குப் போய், நிறைந்தபின் 13.5 அளவில் நிற்க வேண்டும். எங்கள் வெயிலில் இதையும் சற்றுக் குறைக்கவேண்டும், 35 பாகையில் ஏறத்தாழ 0.2 வோல்ற். மூடி திறக்கும் வகை என்றால் வடித்த தண்ணீர் மட்டும் விடு, அமிலம் விடாதே. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கேத்திலில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பு தகட்டையும் கெடுக்கும். ஏற்றும்போது ஐதரசன் வரும், அது தீப்பற்றும் வாயு. குதிரை நிற்கும் பக்கத்தில் வைக்கோல் கிடக்கும், ஆதலால் பற்றறிப் பெட்டியின் காற்றுக்குழாய் வெளியே திறக்கவேண்டும்.

எஞ்சின் ஓடும்போது எஞ்சின் பற்றறியையும் லெஷர் பற்றறியையும் இணைத்து, நின்றதும் பிரிக்கும் ரிலே ஒன்றும் வேண்டும். அது பழுதென்றால் குளிர்பெட்டி எஞ்சின் பற்றறியையும் குடித்துவிடும், காலையில் குதிரையோடு வழியில் நிற்கவேண்டியதுதான்.

பெயரை அந்த ரிலேதான் தந்தது. ‘எஞ்சின் நின்றதும்’ என்று அவனுக்கு விளக்கும்போது, பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் நினைவுக்கு வந்தன. வண்டி தரித்து நிற்கும்போது உழைப்பது தரிப்பு மின்கலவடுக்கு, வண்டியைக் கிளப்புவது தொடக்கி மின்கலவடுக்கு. ‘துணை’ என்று வைக்கலாம்தான், ஆனால் எப்போது துணை என்று அது சொல்லாது. பேச்சில் தரிப்புக்கலம் என்று சுருங்கினால் நான் தடுக்கமாட்டேன், உள்ளே ஆறு கலம் இருப்பது தெரிந்தால் சரி.