முதுகு வலிக்கும் மணிக்கட்டு வலிக்கும் முன்னாடி, ஸ்கூட்டர்ல உங்க கால் எங்க இருக்குன்னு பாருங்க

கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டர் ஓட்டுறப்போ காலுக்கு வேலையே கிடையாது. பைக்ல ஒரு கால் கியர் மாத்தும், இன்னொரு கால் பிரேக் அமுக்கும், அதனால கால் எங்க இருக்கணும்னு வண்டியே முடிவு பண்ணிடும். ஸ்கூட்டர்ல பிரேக் ரெண்டும் கையில, ஆக்சிலரேட்டரும் கையில, காலுக்குன்னு தட்டையா ஒரு ஃப்ளோர்போர்டு கொடுத்து எங்க வேணா வச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. விட்டதுதான் பிரச்சினை. ஒருத்தர் ரெண்டு காலையும் முன்னாடி நீட்டி சாய்வுல முட்டுக் கொடுப்பாரு, ஒருத்தர் முட்டியை ரெண்டு பக்கமும் விரிச்சு பாதத்தை விளிம்புல தொங்க விடுவாரு, இன்னொருத்தர் குதிகாலை சீட்டுக்கு அடியில இழுத்து வச்சு முன்பாதத்துல மட்டும் ஊன்றி உக்காருவாரு, கேட்டா எல்லாருமே "எனக்கு இதுதாங்க வசதி"ம்பாங்க.

நான் பிசியோதெரபிஸ்ட். ஸ்கூட்டர்ல கால் வைக்க வசதியா இல்லைன்னு சொல்லிக்கிட்டு யாரும் என்கிட்ட வந்ததில்ல. அடி முதுகு வலி, முட்டி வலி, மணிக்கட்டு வலி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இழுக்குது, இப்படித்தான் வருவாங்க. தினமும் நிறைய நேரம் வண்டி ஓட்டுறவங்கன்னு தெரிஞ்சா ஒரு ஸ்டூலைப் போட்டு, வண்டியில உக்காருற மாதிரியே உக்காந்து காட்டுங்கன்னு சொல்லுவேன். கை தானா ஹேண்டில்பார் உயரத்துக்குப் போகும், கால் தானா அதோட பழகின இடத்துக்குப் போகும், அந்தக் காலைப் பார்த்தாலே வலி ஏன் அங்க வந்துச்சுன்னு பல பேர் விஷயத்துல பாதி புரிஞ்சிடும்.

ஸ்கூட்டர்ங்கிற வடிவமே கால் சவுகரியத்துக்காக யோசிச்சது தான். 1946ல இத்தாலியில பியாஜியோ கம்பெனி கொண்டுவந்த வெஸ்பாவை வடிவமைச்ச கொராதினோ தாஸ்கானியோ ஒரு விமான இன்ஜினியர், அவருக்கு மோட்டார்சைக்கிளே பிடிக்காது. காலைத் தூக்கிப் போடாம ஏறணும், துணியில கறை படக்கூடாது, நாற்காலியில உக்காருற மாதிரி உக்காரணும், இதெல்லாம் அவர் மனசுல இருந்துச்சு. இன்னைக்கு ஓடுற ஸ்கூட்டர்களும் அதே உக்காருற முறைதான். ஆனா நாற்காலி குலுங்காது, ஸ்கூட்டர் குலுங்கும். அதுவும் சின்ன ஸ்கூட்டர்ல பெரும்பாலும் 10 இல்லன்னா 12 இஞ்ச் சக்கரம், பைக்கோட 17, 18 இஞ்ச் சக்கரம் தாண்டிப் போற பள்ளத்துல இது உள்ள இறங்கி ஏறும்.

இப்போ காலை முன்னாடி நீட்டி உக்காருறதை எடுத்துக்குவோம், ஏன்னா நான் அதிகமா பார்க்கிறது இதைத்தான். கால் முன்னாடி போகப் போக தொடையோட பின்பக்கத் தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னாடி சாய்க்கும், உடனே அடி முதுகுல இருக்கிற இயல்பான உள்வளைவு தட்டையாகி முதுகு கூன் போட்டுடும். அந்த நிலையில உடம்பு எடை மொத்தமும் சீட் மேல, பாதத்துல பத்து பைசா எடை கிடையாது. ஒரு பள்ளம் வந்தா அந்த அடி நேரா வால் எலும்பு வழியா முதுகுத்தண்டுக்குப் போகும். உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு, விநாடிக்குச் சுமார் 4 முதல் 6 தடவை மேலும் கீழுமா வர்ற அதிர்வுலதான் அதிகமா குலுங்கும்னு அதிர்வைப் பத்தின ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க, வாகனத்துல உக்காந்து போறப்போ வர்ற ஆட்டத்துல கணிசமானது இந்த வேகத்துக்குப் பக்கத்துலதான் வரும். பெரிய மேக்ஸி ஸ்கூட்டர்கள்ல காலை நீட்டித்தானே ஓட்டுறாங்கன்னு கேப்பீங்க. அதுல அடி முதுகைத் தாங்க சீட்டுலயே ஒரு மேடு இருக்கும், ஃப்ளோர்போர்டும் நீளம், உங்க சின்ன வண்டியில அந்த மேடு கிடையாது, காலை மட்டும் காப்பி அடிச்சா எப்படி.

அப்போ எங்க வைக்கிறது? வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க, வழக்கமா ஓட்டுறப்போ போடுற செருப்போ ஷூவோ அதையே போட்டுக்குங்க. சீட்டோட அகலமான பகுதியில, உக்காருற எலும்பு ரெண்டும் நல்லா பதியுற மாதிரி பின்னாடி தள்ளி உக்காருங்க. ரெண்டு பாதத்தையும் லேசா தூக்கி அப்படியே கீழ விடுங்க, இடுப்பகலம் விட்டு, முழு பாதமும் படியுற மாதிரி. இப்போ ஹேண்டில்பாரை இழுக்காம, கை சும்மா மேல பட்டா போதும், பாதத்தை மட்டும் அமுக்கி பின்பக்கத்தை சீட்டுலேர்ந்து ஒரு விரல் அளவு தூக்கிப் பாருங்க. தூக்க முடிஞ்சா கால் சரியான இடத்துல இருக்கு. முடியலைன்னா, இல்ல கையால இழுத்துத்தான் எழ முடியுதுன்னா, கால் ரொம்ப முன்னாடி இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி கொண்டு வந்து திரும்பச் செஞ்சு பாருங்க. நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கிறப்போ பாதத்தை உள்ள இழுத்துக்கிட்டுத்தானே எழுந்திருக்கோம், அதே கணக்கு. பெரும்பாலானவங்களுக்கு இந்த இடம் ஃப்ளோர்போர்டோட நடுவுலேர்ந்து பின்பாதிக்குள்ள, முட்டிக்கு நேர் கீழயோ அதுக்குச் சற்று முன்னாடியோ வரும்.

இது சும்மா பரீட்சை இல்ல, ரோட்டுல தேவைப்படுற வித்தை. ஸ்பீட் பிரேக்கர் வர்றப்போ இதே மாதிரி பாதத்தை அமுக்கி எடையில கொஞ்சத்தை காலுக்கு மாத்திட்டீங்கன்னா முதுகுக்குப் போற அடியை தொடையும் கெண்டைக்காலும் வாங்கிக்கும். சீட்டை விட்டு எழுந்து நிக்கச் சொல்லல, யாரும் பார்த்தா தெரியக்கூட தெரியாது.

மணிக்கட்டு வலிக்கு வர்றேன். சின்ன ஸ்கூட்டர் சீட் நிறைய வண்டியில முன்னாடி லேசா சரிஞ்சிருக்கும், பிரேக் போடப் போட உடம்பு முன்னாடி வழுக்கும், பின்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தா இன்னும் மோசம், அவங்க எடையும் சேர்ந்து தள்ளும். கால் எதையும் ஊன்றாம சும்மா கிடந்தா அந்தத் தள்ளலை யார் தாங்குறது, கைதான். ஒரு நாள்ல எத்தனை தடவை பிரேக் போடுறோம், அத்தனை தடவையும் உள்ளங்கை ஹேண்டில்பார்ல முட்டி நிக்கும். டெலிவரி வேலை பார்க்கிற ஒரு தம்பி ரெண்டு மணிக்கட்டுலயும் பட்டி போட்டுக்கிட்டு வந்தாரு, கைக்கு எல்லா சிகிச்சையும் பார்த்தாச்சு, குறையல. சாமானை ஃப்ளோர்போர்டு நடுவுல வச்சு ரெண்டு பாதத்தையும் விளிம்புக்கு வெளிய பாதி தொங்க விட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. சாமானைப் பின்பக்கப் பெட்டிக்கு மாத்தி, பிரேக் போடுறப்போ பாதத்தால ஊன்றிப் பழகின பிறகு கைக்குக் கொடுத்த பயிற்சியும் வேலை செய்ய ஆரம்பிச்சுது. ஃப்ளோர்போர்டுக்கு முன்னாடி மேல ஏறுற சாய்வு இருக்கு பாருங்க, அது நிரந்தரமா காலை நீட்டி வைக்க இல்ல, நேரா போற நல்ல ரோட்டுல கொஞ்ச நேரம் கால் மாத்தி வைக்கவும் பிரேக் போடுறப்போ முன்பாதத்தை முட்டுக் கொடுக்கவும்தான்.

முட்டி விஷயம் உயரத்தைப் பொறுத்தது, இதுல எல்லாரும் ஒரே ஒரு அளவைத்தான் பார்க்கிறாங்க. சீட்டுலேர்ந்து தரை வரைக்கும் உள்ள உயரம் வண்டி நிறுத்துறப்போ கால் எட்டுமான்னு சொல்லும், அவ்வளவுதான். ஓட்டுறப்போ உங்க முட்டி எவ்வளவு மடங்கி இருக்கும்னு சொல்றது சீட்டுலேர்ந்து ஃப்ளோர்போர்டு வரைக்கும் உள்ள உயரம், அதை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. உயரமானவங்களுக்கு இந்த ரெண்டாவது அளவு கம்மியா இருந்தா முட்டி இடுப்பை விட மேல ஏறிடும், திரும்புறப்போ ஹேண்டில்பார் வந்து முட்டியில இடிக்கும், இடிக்கக்கூடாதுன்னு முட்டியை விரிப்பாங்க, விரிச்சா பாதம் வெளிய போகும். முட்டிச்சில்லுக்குப் பின்னாடி ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறவங்களுக்கு, தியேட்டர்ல படம் முடியறதுக்குள்ள முட்டி வலிக்குதுன்னு சொல்ற ரகம், மடக்கியே வச்சிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தச் சில்லு மேல அழுத்தம்தான். இவங்களுக்கு சீட் தைக்கிறவர்கிட்ட சொல்லி ஃபோம் கொஞ்சம் ஏத்திக்கிட்டா நல்ல பலன் இருக்கும். குள்ளமா இருக்கிறவங்க கால் எட்டலைன்னு ஃபோமை வெட்டுறாங்க, எட்டும்தான், ஆனா வெட்டின அளவுக்கு முட்டி கூட மடங்கும், மெத்தையும் போயி அடி நேரா ஏறும். உயரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி சீட்டோட முன்பக்க ஓரங்களை மட்டும் ஒடுக்கச் சொல்லிப் பாருங்க, தொடை விரியாம கால் நேரா கீழ இறங்கும், அதுலயே பல பேருக்கு எட்டிடும். பேட்டரியை ஃப்ளோர்போர்டுக்கு அடியில வைக்கிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள்ல சிலதுல அந்தத் தட்டு உசந்து இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி உக்காந்து ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. ஷோரூம்ல ரெண்டு நிமிஷம் உக்காந்தா எந்த வண்டியும் வசதியாத்தான் தெரியும், கூச்சப்படாம கொஞ்சம் கூடுதல் நேரம் உக்காருங்க.

சரியான இடத்தைக் கண்டுபிடிச்சாச்சுன்னு அங்கயே கல்லு மாதிரி வச்சிருக்கவும் கூடாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியறப்போதான் காலுல இருக்கிற ரத்தம் மேல ஏறும், அசையாம வச்சிருந்தா சாயங்காலம் கால் கனத்துப் போகும். சிக்னல்ல நிக்கிறப்போ ஃப்ளோர்போர்டு மேல இருக்கிற காலோட குதிகாலை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க. ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன வச்சு ஓட்டுறது சிலருக்குப் பழக்கம், தப்பில்ல, எப்பவும் அதே கால் முன்னாடி இருந்தா இடுப்பு ஒரு பக்கமா திரும்பியே இருக்கும், மாத்தி மாத்தி வைங்க.

பாதம் வெளிய தொங்குறது சவுகரியம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. பக்கத்துல வர்ற வண்டி, நடுச்சுவர், ஓரத்துக் கல்லு, இதுல எது உரசினாலும் முதல்ல மாட்டுறது பாதமும் கணுக்காலும்தான், வண்டிக்கு ஒரு கீறல்கூட விழாது. கணுக்கால் உடைஞ்சா ஆறு வாரம் கட்டு, அதுக்கு மேல நடை பழக எங்கிட்ட வரணும். மெதுவா போறப்போ ரெண்டு காலையும் தரையில தேய்ச்சுக்கிட்டே போறதும் அதே மாதிரி, பாதம் எதுலயாவது மாட்டி நின்னுடும், வண்டி மட்டும் முன்னாடி போகும், கணுக்கால் பின்பக்கமா முறுக்கிக்கும். வண்டி நகர்ந்து நேரா நிக்க ஆரம்பிச்சதும் கால் மேல வந்துடணும், நிக்கப் போறப்போ வண்டி கிட்டத்தட்ட நின்ன பிறகுதான் கீழ போகணும். கால் எட்டாதவங்க ரெண்டு முனைக்காலால தொட்டு நிக்கிறதை விட, லேசா ஒரு பக்கம் நகர்ந்து ஒரு பாதத்தை முழுசா ஊன்றி மத்த காலை மேலயே வச்சுக்கிட்டா வண்டி ஆடாது. குழந்தையை முன்னாடி நிக்க வச்சு ஓட்டுறதைப் பத்தி தனியா திட்டி எழுதணும், இங்க கால் கணக்குல மட்டும் சொன்னா, உங்க பாதத்துக்கு இடமே இருக்காது, அவசரமா ஊன்ற வேண்டிய நேரத்துல ஊன்ற முடியாது.

செருப்பு பத்தி ஒரே வரி, பின்பட்டி இல்லாததும் உயரக் குதிகாலும் வேண்டாம், மழையில நனைஞ்ச வழவழப்பான மேட் மேல என்ன போட்டாலும் வழுக்கும், கட்டங்கட்டமா பிடிமானம் இருக்கிற ரப்பர் மேட் போட்டுக்குங்க. சர்க்கரை நோயால பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க இதுல ரெட்டிப்பு கவனமா இருக்கணும், கால் விளிம்புக்கு வெளிய நழுவினதே அவங்களுக்குத் தெரியாது, சைலன்சர் சுட்டாலும் வீட்டுக்கு வந்து பார்த்தாத்தான் தெரியும்.

காலை சரியா வச்சும் வலி ரெண்டு மூணு வாரத்துல குறையலைன்னா டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ காட்டுங்க. முதுகுலேர்ந்து கால் வழியா இறங்குற மின்சாரம் பாயுற மாதிரி வலி, நடக்கறப்போ பாதத்தைத் தூக்க முடியாம தரையில தட்டுறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா வலிக்கிறது, இதுக்கெல்லாம் வாரக்கணக்குல பொறுக்கக் கூடாது. வீங்கின கெண்டைக்கால்னா உள்ள ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கான்னு அன்னைக்கே பார்க்கணும், தேய்ச்சு விடாதீங்க, நீவவும் வேண்டாம். உடம்புல சீட் மேல படுற பகுதி மரத்துப்போயி, ஒண்ணுக்கோ மலமோ கட்டுப்பாட்டுல இல்லைன்னா பிசியோதெரபிஸ்ட்கிட்ட வராதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, அதுவும் வண்டியை நீங்களே ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க.