மிடியில் மிருதங்கம் ஏன் மிஷின் மாதிரி கேட்கிறது?

வடபழனி, சாலிகிராமம் பக்கம் மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மிடியில், அதாவது எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகளைக் கருவிக்கு அனுப்பும் முறையில், அமைத்த டெமோவைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர் அடிக்கடி சொல்வது, “எல்லாம் சரியா இருக்கு, ஆனா மிஷின் மாதிரி இருக்கே” என்பதுதான். சுருதி பிசகவில்லை, தாளம் தப்பவில்லை. அப்புறம் என்ன குறை? பெரும்பாலும் பியானோ ரோலில் (மென்பொருளில் நோட்டுகளை வரைந்து காட்டும் கட்டத்தில்) நோட்டுகளுக்குக் கீழே வரிசையாக நிற்கும் கம்பிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாக் கம்பியும் ஒரே உயரம். அந்த உயரம்தான் வெலாசிட்டி.

பலரும் இதை வால்யூம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சாதாரண மிடி கீபோர்டுக்கு நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்பதே தெரியாது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும், ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்ளும் இரண்டு தொடுமுனைகள் உண்டு. கட்டை இறங்கும்போது முதலாவது மூடும், பிறகு இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே கடந்த நேரத்தைத்தான் உள்ளே இருக்கும் சிப் அளக்கிறது. ஓங்கி அடித்தால் சில மில்லி செகண்டு. மெதுவாக இறக்கினால் அதைப் போலப் பல மடங்கு. நேரம் குறையக் குறைய எண் கூடும்.

அந்த எண் 127-ஐத் தாண்டாது. 1983-ல் வந்த மிடி 1.0 முறையில், ஒரு நோட்டு அடிக்கப்பட்டதும் மூன்று பைட் போகும்: என்ன செய்தி, எந்த ஸ்வரம், எவ்வளவு வேகம். பைட்டின் முதல் பிட், அது கட்டளையா தகவலா என்று காட்டவே செலவாகிவிடுகிறது. மிச்சம் 7 பிட், அதாவது 0 முதல் 127 வரை 128 படிகள். இதில் 0-வுக்குத் தனி வேலை: 0 வெலாசிட்டியோடு வரும் நோட்டுக்கு ‘நிறுத்து’ என்று பொருள். அன்றைய வயரில் வினாடிக்கு 31,250 பிட்தான் போகும். மூன்று பைட்டுக்கே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு ஆகிவிடும். அடி, நிறுத்து என்று கட்டளையை மாற்றி மாற்றி அனுப்பாமல் மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு உதவியது. ஆகவே, நோட்டு இருக்க வேண்டும், ஓசை மட்டும் வேண்டாம் என்றால் கம்பியை அடிமட்டத்துக்கு இழுத்துப் பயனில்லை. மியூட்தான் செய்ய வேண்டும்.

சரி, இந்த எண்ணை வாங்கிக்கொள்ளும் கருவி என்ன செய்கிறது? பியானோவை எடுத்துக்கொள்வோம். சுத்தியல் வேகமாக வந்து தாக்கும்போது அதன் தலையிலுள்ள கம்பளித் துணி அமுங்கி இறுகுகிறது. இறுகிய தலை, தந்தியில் மேல் அதிர்வெண்களையும் கூடுதலாகக் கிளப்பும். அதனால் ஓசை பெரிதாவதோடு பளிச்சென்றும் ஆகிறது. மெதுவாக வாசித்ததைப் பதிவு செய்து, வால்யூமைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் இந்தப் பளிச்சு வராது. மெதுவான வாசிப்பு பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். நல்ல சாம்பிள் கருவிகளில் ஒரே ஸ்வரத்தை மென்மையாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல தடவை பதிவு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வெலாசிட்டி. அடுக்கின் எல்லை 95-ல் இருந்தால், 95-க்கும் 96-க்கும் நடுவே தொனியே மாறிவிடும். ‘ஒரே ஒரு நோட்டு மட்டும் துருத்துகிறதே’ என்று தொனியைத் திருத்தும் ஈக்குவலைசரைத் திருகுவதற்கு முன் அந்தக் கம்பியை நாலைந்து எண் இறக்கிப் பாருங்கள்.

இனி மிருதங்கத்துக்கு வருவோம். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, எட்டு அட்சரம்; ஒவ்வொன்றும் நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. சுட்டியால் வரைந்தால் 32-ம் 100 என்றோ 80 என்றோ, மென்பொருள் வைத்திருக்கும் ஒரே எண்ணில் விழும். முதலில் ‘தகதிமி’ என்ற நான்கை மட்டும் கவனிப்போம். 108, 58, 84, 62 என்று வைத்துக் கேட்டால் நடை உடனே எழுந்து நிற்கும். ‘த’வில் ஊன்றல், ‘தி’யில் அதைவிடக் குறைவான ஊன்றல், மற்ற இரண்டும் நிரப்பல். இதையே நகலெடுத்து 32-ஐயும் நிரப்பிவிட்டு, சுற்றின் முதல் அடியான சமத்தில் 118, இரண்டிரண்டு அட்சரம் கொண்ட துருதங்கள் தொடங்கும் 5, 7-வது அட்சரங்களில் 112 என்று சற்றே தூக்கினால் தாளத்தின் அங்கங்களும் காதுக்குப் புலப்படும். வலந்தலைக்கும் தொப்பிக்கும் சேர்த்து ஒரே அளவு போட வேண்டாம். வலக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது இடக்கை தணிந்தே இருக்கும்; ஒரு ‘தொம்’ விழ வேண்டிய இடத்தில்தான் எழும்.

இவ்வளவும் செய்த பிறகு, பாட்டோடு சேர்த்துக் கேட்டால் மிருதங்கம் அடங்கிப்போனது போலத் தோன்றலாம். எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்துக் கம்பிகளை மேலே இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. பெரும்பாலும் அது ஒரே எண்ணைக் கூட்டும் வேலை. பல கருவிகளில் ஓசையின் வீச்சு வெலாசிட்டியின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது. எண் பாதியானால் வீச்சு கால்வாசி, அதாவது சுமார் 12 டெசிபெல் இறக்கம். அந்தக் கணக்கில் 108-க்கும் 54-க்கும் இடைவெளி 12 டெசிபெல். இரண்டிலும் 19 கூட்டினால் 127, 73. இடைவெளி 10-க்கும் கீழே சுருங்கிவிடும். இன்னும் இழுத்தால் மேலே இருப்பவை 127-ல் முட்டி நின்றுவிட, கீழே இருப்பவை மட்டும் ஏறிக்கொண்டே வரும். பாடுபட்டுச் செய்த ஊன்றல் போய்விடும். பெருக்கினால், உச்ச எண் 127-ஐத் தாண்டாத வரை, இந்தச் சிக்கல் இல்லை: இரண்டையும் 1.17 மடங்காக்கினால் 126, 63. இடைவெளி அப்படியே இருக்கும். பல மென்பொருள்களில் சதவீதத்தால் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு, அதைத் தேடிப் பிடியுங்கள். வெறும் சத்தம்தான் போதவில்லை என்றால் மிக்ஸர் ஃபேடர் எதற்கு இருக்கிறது?

‘ஹியூமனைஸ்’ பொத்தான் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது எண்களைக் கண்டபடி கலைக்கிறது. வித்வானின் கை கண்டபடி அடிப்பதில்லை. அவர் வாசிப்பில் உள்ள ஏற்றத்தாழ்வு ‘தகதிமி’ போன்ற சொல்லையும் நடையையும் ஒட்டியது. முடிப்பாக வரும் தீர்மானத்தை நோக்கிப் போகும்போது படிப்படியாக ஏறும், பாடகர் ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலில் இறங்கும்போது தணியும். அந்த ஏற்றத்தை, மென்பொருளில் உள்ள கோட்டுக் கருவியால் கம்பிகளின் குறுக்கே ஒரு சரிவு வரைந்தே கொண்டுவந்துவிடலாம். முதலில் இந்த வடிவத்தை அமைத்து, கடைசியில் ஐந்தாறு எண் அளவுக்குள் கலைத்தால் கெடுதல் இல்லை. ஒரே சாம்பிள் அடுத்தடுத்து அச்சாக ஒலிக்கும் தொந்தரவும் அதில் கொஞ்சம் தணியும்.

எல்லா வாத்தியத்துக்கும் இது செல்லாது. நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் போல நீண்டு ஒலிப்பவற்றுக்கு, பல சாம்பிள் தொகுப்புகளில் வெலாசிட்டி தொடக்கத்தை மட்டுமே ஆளும். ஸ்வரம் நீளும்போது வரும் ஏற்ற இறக்கம் மாடுலேஷன் வீல், எக்ஸ்பிரஷன் என்ற, தொடர்ந்து மாற்றக்கூடிய தனிக் கட்டளைகளில் இருக்கும். அங்கே கம்பியோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2020-ல் வந்த மிடி 2.0-வில் வெலாசிட்டிக்கு 16 பிட், அதாவது 65,536 படிகள். படி எத்தனை ஆனாலும், 84 என்றால் எந்தத் தொனி என்பதை அந்தந்தத் தொகுப்பைச் செய்தவர்தான் முடிவு செய்கிறார். இங்கே பாந்தமாக ஒலித்த மிருதங்கம் இன்னொரு தொகுப்பில் அதே எண்களுக்குச் செண்டை போல இடிக்கலாம். அதனால் மிடி கோப்பை வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பும்போது, உங்கள் காதுக்கு அமைந்தபடி எடுத்த வேவ் ஒலிக்கோப்பையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.