வாசனையே வரலையே, மருந்து அடிச்சியா இல்லையா?

கரப்பான் ஒழிப்பு வேலை முடித்துச் சாமான்களைப் பையில் போடும்போது பாதி வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். போன மாதம் பெரம்பூரில் ஒரு பாட்டி கேட்டார். "என்ன தம்பி, வந்து அரை மணி நேரம்கூட ஆவல. ஒரு நெடி இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள காசு கேக்குற?"

டார்ச் அடித்து, சமையலறை அலமாரிக் கதவின் கீல் ஓரத்தைக் காட்டினேன். மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. அரை அடி தள்ளி இன்னொன்று. "இதுவா மருந்து?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சுவருக்குப் பொட்டு வைத்துவிட்டுக் காசு கேட்கிறான் என்று நினைத்திருப்பார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கும் நெடிதான் பெருமை. அப்போது அடித்தது டிடிவிபி. நுவான் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அடித்த பத்தாவது நிமிஷம் கரப்பான்கள் கூட்டமாக வெளியே ஓடி வந்து மல்லாந்து விழும். வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால்தான் திருப்தி. கரப்பானின் நரம்பை அது எப்படித் தாக்கியதோ அப்படியேதான் மனித நரம்பையும் தாக்கும், அளவுதான் வித்தியாசம். 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நாட்டில் அதற்குத் தடை விழுந்தது. "அந்தப் பழைய மருந்து கொஞ்சம் கிடைக்குமா?" என்று ரகசியமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது புள்ளியாக வைக்கிற ஜெல்லில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் மாதிரி ஒரு பூச்சிக்கொல்லி மிகக் குறைந்த அளவில் தீனியோடு கலந்திருக்கும். கரப்பான் அதைத் தின்றுவிட்டுத் தன் இடுக்குக்கே போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். காற்றில் எதுவும் பரவாது. கீலுக்குள், டிராயரின் பின்பக்கம், சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் இடத்தில் என்று குழந்தையின் விரல் எட்டாத இடமாகப் பார்த்து வைப்போம். அதைக் கெடுக்க ஒரே வழிதான் உண்டு.

பெரம்பூர் பாட்டி அந்த வழியில்தான் போனார். ஐந்தாம் நாள் போன். "ஒண்ணும் சாகல தம்பி." போய்ப் பார்த்தால், நான் கிளம்பிய அன்று சாயங்காலமே ஒரு ஸ்ப்ரே டின் வாங்கி அலமாரி முழுக்க அடித்திருக்கிறார். அந்த நெடிக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வரவில்லை. ஹாலில் பேரன் வளர்த்த கப்பி மீன்கள் நாலும் செத்து மிதந்தன. கடையில் விற்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். மனிதருக்கு அது ஓரளவு தாங்கும். மீனுக்குத் துளிகூடத் தாங்காது.

பூனைக்கும் அப்படித்தான். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு வாங்கிய, இதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்கும் ரெண்டு சொட்டு விட்டுவிட்டு, அது உடல் நடுங்கி வலிப்பு வந்த பிறகு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். பூனை பிழைத்தது.

எலி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாசம் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். விசாரிக்கத்தான் வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு என்று ஒன்று இருக்கிறது, மாத்திரையாகவும் பொடியாகவும். காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த விஷ வாயுவுக்கு முறிவு மருந்து கிடையாது. பூண்டு மாதிரியோ அழுகிய மீன் மாதிரியோ நாறும் என்பார்கள், ஆனால் நாற்றம் தெரிந்து எழுந்துகொள்ளலாம் என்று நம்பிப் படுக்க முடியாது. அது தானியக் குடோனுக்கு, அதுவும் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் கையில். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் யாராவது அதை எடுத்தால், பாதி வேலையில் நிறுத்தி வெளியே அனுப்புங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். டப்பாவில் சாய்சதுரத்துக்குள் ஒரு வண்ணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சைதான் இருப்பதில் குறைந்தது. சிவப்பு டப்பாவுக்கு வீட்டில் வேலையில்லை.

டியூபில் வரும் எலி பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் விற்கத் தடை. தின்ற குழந்தை முதல் நாள் வாந்தி எடுக்கும், அப்புறம் தெளிந்து விளையாடும். சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாவார்கள். ஈரல் அதற்குப் பிறகுதான் கெடத் தொடங்கும்.

நீல எலி கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. நாய் தின்றால் மூன்று நாலு நாள் கழித்துத்தான் ஈறிலோ மூத்திரத்திலோ ரத்தம் தெரியும். உடனே கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். ஒரு வீட்டில் வேலை தொடங்கும் முன் முட்டி போட்டு, தவழும் குழந்தையின் உயரத்தில் ஒரு சுற்று வருவது என் வழக்கம். கொளத்தூரில் அப்படிச் சுற்றியபோது சோபாவுக்கு அடியில் ஒரு பொம்மை கார், பக்கத்திலேயே ஓரம் கொறித்த ஒரு நீல கேக். அந்தக் குடும்பம் எலி மருந்தே வாங்கியதில்லை. முன்பு குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. ஒன்பது மாதக் குழந்தை அந்த ஹாலில்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒருமுறை இப்படித் தவழ்ந்து பாருங்கள்.

எலிக்கு நான் முதலில் எடுப்பது சிமென்ட்டும் ஸ்டீல் கம்பி நாரும்தான். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். ஏசி குழாய் போகும் துளை, சிங்க் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி, கதவின் அடி. ஐப்பசி மழையில் வடிகால் நிரம்பினால் எலியெல்லாம் மேலேறி வீடு தேடும். புரட்டாசியிலேயே அடைத்துவிட்டால் மருந்துக்கே வேலை இருக்காது.

நாம் விஷமாகவே நினைக்காத சாமான்களும் இருக்கின்றன. பூஜை அறைக் கற்பூரம் சின்னக் குழந்தை வாயில் போனால் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். நாப்தலின் உருண்டை சில குழந்தைகளுக்கு ரத்த சிவப்பணுக்களையே உடைத்துவிடும். கொசு லிக்விட் பாட்டிலைக் கழற்றிக் குடிக்கிற வயசு ஒன்றரை. மூணு சக்கர வண்டியில் பினாயில் விற்பவர் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். வாங்கினால் அந்தப் பாட்டில் சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கொசு லிக்விட் போன்றவை வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். பாட்டிலையோ டப்பாவையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

பெரம்பூரில் அலமாரியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மறுபடி ஜெல் வைத்து, அந்த ஸ்ப்ரே டின்னையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் பாட்டி போன் செய்தார்.

"ராத்திரி லைட்டு போட்டா ஒண்ணையும் காணோம் தம்பி. பல்லி மட்டும் ரெண்டு சுத்துது. அதுக்கு ஒரு மருந்து வெச்சுட்டுப் போயேன்."

"அதுங்க இருக்கட்டும்மா. நைட் டூட்டிக்கு என் ஆளுங்க."