மெத்தடாலஜி என்பது முறையியல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் முதுகலை இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் "உங்கள் மெத்தடாலஜி என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் "கொஸ்டினேர்", "இன்டர்வியூ" என்றுதான் பதில் வரும். அவை முறைகள், அதாவது மெத்தட். அந்த முறையை ஏன் எடுத்தோம், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நியாயம் சொல்வதுதான் மெத்தடாலஜி.

சொல்லின் வேர் கிரேக்கம். 'மெட்டா' என்றால் பின்தொடர்ந்து, 'ஹொடொஸ்' என்றால் வழி. இரண்டும் சேர்ந்த 'மெதொடொஸ்' ஒரு பொருளைத் தேடி வழிபற்றிச் செல்வதைக் குறித்தது. அதனோடு 'லொகியா' சேர்ந்தபோது, வழிகளைப் பற்றிய அறிவு என்றாயிற்று.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பாடநூல்களில் நெடுங்காலமாக இருப்பது 'ஆராய்ச்சி நெறிமுறை'. நெறி என்றாலே வழிதான், எனவே கிரேக்க வேருக்கு மிக நெருக்கம். ஆனால் இன்று நெறிமுறை என்றதும் ஒழுக்க விதிதான் நினைவுக்கு வருகிறது. ஆய்வில் ஒப்புதல் பெறுவது, பெயரை மறைப்பது போன்றவற்றுக்கும் அதே சொல் ஆளப்படுகிறது. ஆகவே 'முறையியல்' என்பதே தெளிவானது என்பேன். முறை என்ற சொல்லுக்கு ஒழுங்கு என்ற பொருளோடு நீதி என்ற பொருளும் உண்டு. முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் என்று குறள் சொல்வதும், நாம் முறையிடுவதும் அந்தப் பொருளில்தான். தேர்ந்ததற்கு நியாயம் சொல்லும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கேள்விதான் முறையைத் தேர்கிறது என்பதற்குப் புதுச்சேரி அருகே உள்ள பழைய துறைமுக ஊரான அரிக்கமேடே சாட்சி. 1945இல் அங்கு அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்கு முன்னிருந்த கேள்வி அவ்வூரின் காலம் பற்றியது. அதனால் மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துத் தோண்டினார். இத்தாலியில் எக்காலத்தில் செய்யப்பட்டது என்று முன்பே தெரிந்த அரெட்டைன் மட்பாண்டத்தின் ஓடுகள் எந்த அடுக்கில் கிடைக்கின்றன என்று பார்த்தார். அழகான பொருள்களைச் சேகரிப்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் அடுக்கு எதற்கு? பிறகு 1989 முதல் 1992 வரை அங்கு ஆய்ந்த தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு, அவ்வூர் வீலர் கணித்ததற்கு முன்பே தொடங்கி அதற்குப் பின்னும் நீடித்தது என்று கண்டது. ஓர் அடுக்கில் கிடைத்த ஓடு அந்த அடுக்குக்குத்தான் காலம் சொல்லும், ஊர் முழுவதற்கும் சொல்லாது. இந்த எல்லையை எழுதிவைப்பதும் முறையியலின் வேலைதான்.

நம் கரையிலேயே இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூரின் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் அப்போது எத்தனை குடும்பம் கடன் வாங்குகிறது என்று அறிய வினாநிரலும் (கொஸ்டினேர்) சரியான மாதிரி எடுப்பும் (சாம்பிளிங்) போதும். வங்கியை விட்டு வியாபாரியிடம் ஏன் வாங்குகிறார்கள் என்று அறிய, உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். எப்போது போய்க் கேட்டோம் என்பதும் முக்கியம். தடை முடிந்து கடலுக்குப் போகும் நாளில் பகலில் போனால் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் இருக்கமாட்டார். வீட்டில் இருப்பவர் சொன்னதே ஊர் சொன்னதாகிவிடும்.

முதல் கேள்விக்கு அளவுசார் முறை, இரண்டாவதற்குப் பண்புசார் முறை என்பார்கள். இரண்டையும் எதிரெதிர் முகாம்களாகக் கற்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியம் பண்புத்தொகையை விளக்கும்போது வண்ணம், வடிவு, அளவு, சுவை என்று வரிசைப்படுத்துகிறது. அளவும் ஒரு பண்பே! எண்ணிக்கையும் பேச்சும் ஒரே ஆய்வேட்டில் வரலாம், அது கலப்புமுறை.

'ஆய்வு' என்ற சொல்லையும் தொட்டுவிடுகிறேன். ஆய்தல் என்பது உள்ளதன் நுணுக்கம் என்கிறது தொல்காப்பிய உரியியல். கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தல்தான்: வேண்டாததைக் கழித்து வேண்டியதை எடுப்பது.

ஆய்வேட்டில் அந்த இயலுக்கு 'ஆய்வு முறையியல்' என்று தலைப்பிடலாம். உள்ளே 'தரவு திரட்டிய முறை', 'பகுப்பாய்வு முறை' என்று பிரிக்கலாம். கொஸ்டினேருக்கு வினாநிரல், சாம்பிளிங்குக்கு மாதிரி எடுப்பு, ஹைப்பாதிசிஸுக்குக் கருதுகோள். 'ஆய்வு நெறிமுறை' என்ற தலைப்பை ஒப்புதல், மறைகாப்பு பற்றி எழுதும் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.